ஒரு கிலோமீட்டர் என்ற பேச்சை நம்பி 45,000 வெள்ளியை இழந்தோம்

தொடக்கநிலை ஒன்றுக்கான 2சி கட்டப் பதிவின் முடிவு நேற்று வந்தது. எங்கள் மகளுக்கு இடம் கிடைக்கவில்லை. அந்தப் பள்ளிக்காகவே சென்ற ஆண்டு மதிப்பீட்டுக்கு மேல் 45,000 வெள்ளியை (சிங்கப்பூர் டாலர்) ரொக்கமாகக் கொடுத்து ஒரு நாலறை மறுவிற்பனை வீட்டை வாங்கினோம். சிங்கப்பூரில் பள்ளியை மனத்தில் வைத்து வீடு தேடும் பெற்றோர் யாரும் எங்களைப் போல ஏமாறக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அண்ணன் அக்காள் அங்கே படிக்கும் பிள்ளைகள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், தொண்டூழியம் செய்த பெற்றோரின் பிள்ளைகள் எனப் பலருக்கும் இடம் கொடுத்த பிறகே எங்களைப் போன்றோருக்கு 2சி கட்டம் வருகிறது. அதிலும் விண்ணப்பங்கள் இடங்களை மிஞ்சினால், முதலில் ஒரு கிலோமீட்டருக்குள் வசிக்கும் குடிமக்கள், அடுத்து இரண்டு கிலோமீட்டருக்குள் வசிப்போர், பிறகுதான் மற்றவர்கள். பெயர்பெற்ற பள்ளிகளில் முதல் வட்டத்துக்குள்ளேயே குலுக்கல் நடந்துவிடுகிறது. அந்த வட்டத்துக்குள் இருக்கும் வீட்டுக்கு விற்பவர் கூடுதல் விலை கேட்பதும், பெற்றோர் மறுபேச்சில்லாமல் கொடுப்பதும் இதனால்தான்.

ஒரு சொத்து இணையத்தளத்தில் 'பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள்' என்ற விளம்பரத்தைப் பார்த்துத்தான் போனோம். விலை பேசி, 1,000 வெள்ளி கொடுத்து, விற்பவரிடம் வாங்கும் உரிமையைப் பெற்றோம். அதன் பிறகுதான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) மதிப்பீடு வந்தது. பேசிய விலையைவிட அது 45,000 வெள்ளி குறைவு. அந்த வித்தியாசத்துக்கு வங்கிக் கடனும் கிடையாது, மத்திய சேமநிதி (மசேநி) பணத்தையும் தொட முடியாது. உரிமையைப் பயன்படுத்த 21 நாள் அவகாசம் இருந்தது. அந்த 1,000 வெள்ளியை விட்டுவிட்டு நாங்கள் விலகியிருக்கலாம்.

அன்று மாலை புளோக்குக்குக் கீழே இருந்த காப்பிக் கடையில் வீட்டு முகவர் எங்களுடன் உட்கார்ந்தார். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பள்ளியின் பெயரும், பக்கத்தில் ஒரு கிலோமீட்டருக்குள் என்ற குறிப்பும் இருந்தன. படத்தின் மேற்பகுதி வெட்டப்பட்டிருந்ததை நான் கவனித்தேன்; ஆனால் கேட்கவில்லை. "அண்ணே, இந்தக் காசு வீட்டுக்கு இல்ல, பிள்ளை படிப்புக்குன்னு நெனச்சுக்கோங்க" என்றார். நம் மொழியில் பேசுகிறாரே, நம் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறாரே என்று நம்பினோம். என் மனைவி தன் நகைச் சீட்டுப் பணத்தையும் சேர்த்துக் கொடுத்தாள்.

பதிவு செய்யும் நாளில்தான் எங்கள் முகவரி ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடைப்பட்ட வட்டத்தில் இருப்பது தெரிந்தது. ஒன்மேப் என்ற அரசாங்க வரைபடத் தளத்தில் எங்களுக்கு முன்னால் இருக்கும் புளோக்கின் அஞ்சல் குறியீட்டைத் தட்டிப் பார்த்தேன். அது உள்ளே இருக்கிறது. நடுவே ஒரு வாகன நிறுத்துமிடம்தான். முகவர் காட்டியது அந்த புளோக்குக்கான தேடல் முடிவின் படம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

முகவரை அழைத்தேன். "நான் ஒரு குறிப்புக்குத்தானே காட்டினேன், நீங்கதான் சரிபார்த்திருக்கணும்" என்றார். அதன் பிறகு அழைப்பை எடுப்பதில்லை. அவருடைய நிறுவனம் "விசாரிக்கிறோம்" என்று இரண்டு முறை ஒரே மின்னஞ்சலை அனுப்பியது. இணையத்தளமோ விளம்பரத்துக்கு விளம்பரம் கொடுத்தவரே பொறுப்பு என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டது. 45,000 வெள்ளி! விற்றுவிட்டுப் போகலாம் என்றாலும் ஐந்து ஆண்டு குடியிருந்தாக வேண்டும். முகவர்களைப் பதிவுசெய்யும் மன்றத்துக்குப் புகார் எழுதியிருக்கிறேன்.

வீடு தேடுவோருக்கு விரிவாக எழுத நினைத்தேன். இப்போது கை ஓடவில்லை. வாங்கப்போகும் புளோக்கின் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டை ஒன்மேப்பின் பள்ளித் தேடலில் நீங்களே தட்டிப் பாருங்கள். பள்ளி நிலத்தின் எல்லையிலிருந்து அளக்கிறார்கள். ஆகவே வரைபடத்தில் வாசலுக்கு வாசல் அளந்து பார்ப்பது உதவாது. தூரத்தைக் காட்டிப் பள்ளியில் இடம் வாங்கினால், பதிவு தொடங்கியதிலிருந்து குறைந்தது 30 மாதங்கள் பிள்ளை அந்த முகவரியிலேயே வசிக்க வேண்டும். பள்ளி இடம் மாறுகிறதா என்றும் கல்வி அமைச்சின் அறிவிப்புகளில் பாருங்கள். வட்டத்துக்குள் இருந்தாலும் குலுக்கல் உண்டு. முகவர் சொல்வதை எழுத்தில் வாங்காமல் மதிப்பீட்டுக்கு மேல் ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.