டெனாலியா, கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக்கா?

அலாஸ்கா போகிறவர்கள் முதலில் கேட்பது டெனாலி தேசியப் பூங்காவைத்தான். 6,190 மீட்டர் சிகரம், உள்ளே ஒரே ஒரு சாலை. கோடையில் முதல் 24 கிலோமீட்டருக்கு மேல் சொந்த வண்டி போகாது, பஸ்தான். ஜன்னலோரம் உட்கார்ந்தே கரடியைப் பார்த்துவிடலாம். சிகரம்தான் பாதி நாள் மேகத்துக்குள் ஒளிந்துகொள்ளும்.

கேட்ஸ் ஆஃப் தி ஆர்க்டிக் தேசியப் பூங்கா வேறு ரகம். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே, புரூக்ஸ் மலைத்தொடரில் சாலையும் இல்லை, போட்டு வைத்த நடைபாதையும் இல்லை. நுழைவுக் கட்டணமும் இல்லை. ஆனால் பெட்டில்ஸ் என்ற சிற்றூரிலிருந்து சிறு விமானத்துக்குக் கொடுக்கும் காசில் அந்தச் சந்தோஷம் கரைந்துவிடும். ஏரியில் இறக்கிவிட்டுப் போன விமானம், வானிலை கெட்டால் சொன்ன நாளில் வராது. அதனால் கூடுதலாகச் சில நாள் சாப்பாடு, கரடி திறக்க முடியாத டப்பாவில், கட்டாயம் வேண்டும்.

குழந்தைகளோடு என்றால் டெனாலி, யோசிக்கவே வேண்டாம்.