காட், சுவிஃப்ட், பீ டூ பீ: கிரிப்டோ கணக்குக்குப் போட்ட காசு எங்கே நிற்கிறது?

மட்டக்களப்புப் பொடியன்கள் பலர் கிரிப்டோ கணக்குக்குக் காசு போகவில்லை என்று வங்கிக்கும் ஹெல்ப்லைனுக்குமாக அலைகிறார்கள். எந்த வழியால் அனுப்பினார்கள் என்று கேட்டாலே பாதிப் பதில் வந்துவிடும்.

வங்கிக் காட் வேலை செய்யாவிட்டால் அது கோளாறே இல்லை. 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் 2021இல் வந்த பணிப்புரைப்படி, மெய்நிகர் நாணயம், அதாவது கிரிப்டோ, வாங்க டெபிட், கிரெடிட் காட்டுகளைப் பாவிக்க முடியாது. காட்டை மாற்றினாலும் வங்கியை மாற்றினாலும் அதே கதைதான். வங்கிகள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் வலையமைப்பான சுவிஃப்டில் அனுப்பப் போனால் கிளையில் நோக்கம் கேட்பார்கள். படிப்புச் செலவு என்று எழுதச் சொல்லிக் கொடுப்பவர்களை நம்பாதீர்கள், பொய் வாக்குமூலத்தில் கையெழுத்து உங்களுடையது. சுவிஸில் இருக்கும் அண்ணனை அவருடைய கணக்கிலிருந்து போடச் சொன்னாலும் உங்கள் கிரிப்டோ கணக்கின் பெயரோடு அவர் பெயர் பொருந்தாது. கிரிப்டோ வாங்கி விற்கும் தளங்களான எக்ஸ்சேஞ்சுகளில் பெரும்பாலானவை மூன்றாம் ஆளின் பணத்தை ஏற்பதில்லை.

மிஞ்சுவது பீ டூ பீ, அதாவது ஆளுக்கு ஆள் நேரடியாக வாங்கி விற்பது. விற்பவரின் கிரிப்டோவை எக்ஸ்சேஞ்ச் பிடித்து வைத்திருக்கும், நீங்கள் அவருடைய உள்ளூர்க் கணக்குக்கு ரூபாய் போட வேண்டும். இங்கே சிக்கினால்தான் சரிசெய்ய வழியுண்டு. முதலில் பார்க்க வேண்டியது, உள்ளூர் வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் இரண்டு முறைகளில், பணம் செஃப்ட்ஸில் (CEFTS) போனதா, ஸ்லிப்ஸில் (SLIPS) போனதா என்பது. செஃப்ட்ஸ் இரவு பகல், விடுமுறை பாராமல் உடனே சேரும். ஸ்லிப்ஸ் வேலைநாளில் தொகுதி தொகுதியாகத்தான் தீர்க்கப்படும். வெள்ளி பின்னேரம் கல்லடியிலிருந்து ஸ்லிப்ஸில் போட்டுவிட்டு, ஓடர் திரையில் 15 நிமிடம் குறைவதைப் பார்த்துப் பதறி 'ரத்து' அழுத்துபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். காசு போன பிறகு ரத்துச் செய்யவே கூடாது, பிடித்து வைத்த கிரிப்டோ விற்பவரிடமே திரும்பிவிடும். 'செலுத்திவிட்டேன்' என்பதை அழுத்தி, வங்கிச் செயலியின் ரசீதோடு எக்ஸ்சேஞ்சிடம் முறையீடு போடுங்கள். ரசீதில் உள்ள பெயர் எக்ஸ்சேஞ்சில் உறுதிசெய்த பெயராக இருக்க வேண்டும். மனைவியின் கணக்கால் போட்டால் முறையீடு நிற்காது.

மூன்றில் பீ டூ பீயே தேறும், ஆனால் பாதுகாப்பானது என்று சொல்லமாட்டேன். மத்திய வங்கி எந்த எக்ஸ்சேஞ்சுக்கும் உரிமம் கொடுக்கவில்லை, ஆகவே கைவிட்டுப் போன காசுக்கு ஒழுங்குபடுத்துநரிடம் போய் நிற்க முடியாது. விற்கும் பக்கம் இன்னும் மோசம். உங்கள் கணக்குக்கு வருவது மோசடிப் பணமென்றால் கணக்கு முடக்கப்படும். கமிஷன் தருகிறோம், உன் கணக்கைத் தா என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள் தம்பிமாரே, பொலிஸ் முதலில் தேடி வருவது கணக்குக்காரனைத்தான்.