மாத வாடகையா, நொத்தாரிசுக் குத்தகையா? யாழ்ப்பாணத்து வீட்டுக்காரர் கணக்கு

திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் வீடு கொடுப்பவர்களில் பலர் ஒரு தாளில் "ஒரு வருடம்" என்று எழுதி, சமாதான நீதவானிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு வருடம் சட்டத்தில் நிற்காது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்தும் சட்டத்தரணி) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு முடிக்கப்பட வேண்டும். இல்லையென்றால் மாதாமாதம் காசு வாங்கும்வரை அது மாத வாடகைதான்.

மாத வாடகை மலிவு. ஒரு மாத முன்னறிவித்தலோடு முடிக்கலாம். குடியிருப்பவரும் அப்படியே எழும்பிப் போகலாம். ஆனால் 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்துக்குள் வரும் பழைய வீடாக இருந்தால் அறிவித்தல் மட்டும் போதாது, சட்டம் சொல்லும் காரணமும் வேண்டும். அறிவித்தல் கொடுக்குமுன் இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

நொத்தாரிசுக் குத்தகைக்குக் கூலி, முத்திரைத் தீர்வை, காணிப் பதிவகச் செலவு எல்லாம் உண்டு. ஆனாலும் எங்கள் தெரிவு இதுதான். தவணை உறுதியாகும், முடிந்தும் எழும்பாதவரிடமிருந்து வீட்டை மீட்க 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் மாவட்ட நீதிமன்றத்தில் விரைவான வழி தருகிறது. பதிலுக்கு வீட்டுக்காரரின் கையும் கட்டப்படும். இடையில் வீட்டை விற்றாலும் வாங்கியவர் குத்தகையை மதிக்க வேண்டும்.

குத்தகை உறுதியில் பலர் எழுதாமல் விடுகிற இடங்கள் இவை: ஓடு, சுவர், மலசலகூடக் குழி திருத்துவது யார்? கிணற்று மோட்டர் எரிந்தால் யார் கட்டுவது? வளவுத் தென்னை, மா, பலா யாருக்கு? (வாடகையைவிடத் தேங்காய்க்குத்தான் கூடச் சண்டை வரும்.) பங்குக் கிணறென்றால் இறைக்கும் முறையையும் எழுதுங்கள். திறப்புக் கொடுக்கும் அன்றே கரண்ட் மீட்டர் வாசிப்பைக் குறித்து இருவரும் கையெழுத்திடுங்கள்.

சீதன வீடென்றால் இன்னொன்று. தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம்) உட்பட்ட மனைவி தன் அசையாச் சொத்தைக் கையாள, 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கேட்கிறது. அதை மறந்து முடித்த குத்தகை பிறகு ஆட்டம் காணும்.

எந்த வழியானாலும் வாடகை வரவில்லையென்று கரண்டை வெட்டுவதும் பூட்டை மாற்றுவதும் வேண்டாம். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் 1979ஆம் ஆண்டின் ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் வழக்குப் போட்டால், ஆரம்ப நீதிமன்றம் அவரைத் திரும்பக் குடியேற்றலாம். காணி உறுதி வீட்டுக்காரர் பெயரில் இருப்பது அங்கே பெரிதாக எடுபடாது.

கனடா, லண்டனில் இருப்பவர்களுக்கு மாத வாடகையை நாங்கள் சொல்லவே மாட்டோம். ஊரிலுள்ள சகோதரன் போன்ற ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்பட எழுத்தில் கொடுக்கும் அதிகாரம்) கொடுத்து, அவர் மூலம் நொத்தாரிசுக் குத்தகை முடிப்பதே பாதுகாப்பு. தத்துவத்தில் குத்தகை முடிக்க, வாடகை வாங்க, அறிவித்தல் கொடுக்க, வழக்குப் போட என்று தனித்தனியாக எழுதுங்கள். கடைசியை விட்டுவிட்டால், ஆள் எழும்பாத நேரத்தில் ஊரிலுள்ள சகோதரன் வழக்குப் போட வழியில்லாமல் நிற்பார்.