ஏரிக்கரை நடையா, வீட்டுக்குள் யோகாசனமா?

மனத் தெளிவுக்காகக் காலையில் ஏரியைச் சுற்றி நடப்பதா, வீட்டிலேயே ஆசனம் செய்வதா என்று கொடைக்கானலில் பலர் தயங்குகிறார்கள்.

வெளிச்சம்: இதுவே முதன்மையானது. விடிந்தபின் மேகம் மூடிய வானம்கூட ஆயிரக்கணக்கான லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) ஒளியைத் தருகிறது. வீட்டு விளக்கொளி சில நூறு லக்ஸைத் தாண்டுவது அரிது. கண்ணில் விழும் அந்தக் காலை வானத்து ஒளி, உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்ற ஹார்மோனின் சுரப்பை அடக்கி, உடலின் கடிகாரத்தை நேர்செய்வதால், பகலில் கவனம் கூர்மையாகவும் இரவில் உறக்கம் வேளையோடும் அமைகின்றன. இதில் நடைக்கு ஈடில்லை.

செலவு: நடைக்குக் காலணியும் கம்பளிக் குல்லாவும், ஆசனத்துக்கு ஒரு விரிப்பு.

நேரம்: 1863இல் உருவான ஏரியின் சுற்றுப்பாதை ஏறத்தாழ 5 கி.மீ.; ஒரு மணி நேரம் வேண்டும். ஆசனத்துக்கு 20 நிமிடம் போதும்.

தொடர்ச்சி: ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நடை தடைப்படும், மார்கழியில் புல்நுனியெல்லாம் உறைபனியால் வெளுத்திருக்கும்போது ஆஸ்துமா உள்ளவர்கள் வெளியே செல்லாதிருப்பதே நல்லது. இருட்டில் எவரும் கிளம்ப வேண்டாம். சாலையில் காட்டெருமை நிற்கக்கூடும்.

பகல் முழுதும் மந்தமாக உணர்வோருக்கு நடையையே பரிந்துரைப்பேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்தில் இருப்போரும் குளிர் ஒவ்வாதவர்களும் ஆசனத்தைத் தேர்ந்து, வெயில் ஏறியபின் காப்பி டம்ளருடன் பத்து நிமிடம் வாசலில் நிற்கட்டும்.