அம்பாசிடரில் இசுசு எஞ்சின்: ஆல்டர்னேட்டர் ஒயரிங்கில் மூன்று ஆண்டு அனுபவம்

எங்கள் அம்பாசிடர் மார்க் 2 வண்டியின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே 1990களில் அம்பாசிடரில் பொருத்தி விற்ற இசுசு 1.8 லிட்டர் எஞ்சினை ஏற்றி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை 31,000 கி.மீ. ஓடியிருக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன் அனுமதி பெற்று, ஆர்.சி.யில் புதிய எஞ்சின் எண்ணைப் பதிந்துதான் வண்டியைச் சாலையில் இறக்கினேன். எஞ்சின் மவுண்டிங், கியர்பாக்ஸ் வேலைகள் லேத் பட்டறையில் ஒழுங்காக முடிந்தன. அவற்றால் இன்றுவரை தொல்லை இல்லை. என்னைப் பல மாதம் அலைக்கழித்தது, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் எடுத்துப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் ஒயரிங்தான்.

மார்க் 2 வண்டியில் அதே வேலையைச் செய்தது பழைய வகையான டைனமோ. (நம் பட்டறைகளில் ஆல்டர்னேட்டரையும் டைனமோ என்றே சொல்வதால், உதிரி வாங்கும்போது எதைக் கேட்கிறோம் என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.) அந்த வகை டைனமோ முழு வேகத்தில் சுற்றினாலும் 22 ஆம்பியரைத் தாண்டாது, ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது) அநேகமாக எதுவும் தராது. நான் பொருத்திய ரீகண்டிஷன் செய்த ஆல்டர்னேட்டர் 60 ஆம்பியர் தரக்கூடியது. வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் அதற்குள்ளேயே இருப்பதால், டைனமோவின் சார்ஜைக் கட்டுப்படுத்திய பழைய கட்-அவுட் பெட்டிக்கு வேலை இல்லை. பாசிட்டிவ் எர்த்தில் (பேட்டரியின் பாசிட்டிவ் முனையை வண்டியின் உடலோடு இணைத்து) ஓடிய பழைய வண்டிகளில் இதைப் பொருத்துவோர் முதலில் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரியை இணைத்த நொடியிலேயே, ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடுகள் போய்விடும். என் வண்டியில் அந்த மாற்றம் முன்பே செய்யப்பட்டிருந்தது.

முதலில் ஒயரிங் செய்த எலக்ட்ரீஷியன், ஆல்டர்னேட்டரின் "பி" என்ற வெளியீட்டு போல்ட்டிலிருந்து வரும் மின்சாரத்தைப் பழைய பழுப்பு ஒயரிலேயே கொடுத்து, டேஷ்போர்டில் இருந்த 30 ஆம்பியர் அம்மீட்டர் (மின்னோட்டத்தைக் காட்டும் மீட்டர்) வழியாகப் பேட்டரிக்குக் கொண்டுபோனார். வண்டி ஓடியது, சார்ஜும் ஏறியது. ஆனால் இரவில் ஹெட்லைட்டும் ரேடியேட்டர் ஃபேனும் சேர்ந்து ஓடினால் வெளிச்சம் மங்கியது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது ஆல்டர்னேட்டரில் 14.3 வோல்ட்டும், அதே நேரத்தில் பேட்டரி முனையில் 13.4 வோல்ட்டும் இருந்தன. கிட்டத்தட்ட ஒரு வோல்ட், 22 ஆம்பியருக்காகப் போட்ட மெல்லிய ஒயரிலும் அம்மீட்டரின் பழைய இணைப்புகளிலும் வெப்பமாக வீணாகிக்கொண்டிருந்தது. அம்மீட்டரின் பின்பக்க நட்டைத் தொட்டுப் பார்த்தேன். விரலை வைத்திருக்க முடியவில்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால், துணி சுற்றிய பழைய ஒயர்களுக்கு நடுவே அந்தச் சூடு இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் பதறுகிறது.

அதன் பிறகு ஒயரிங்கை நானே புதிதாகச் செய்தேன். "பி" போல்ட்டிலிருந்து பேட்டரிக்கு 16 சதுர மி.மீ. செம்புக் கேபிளை நேராக இழுத்து, பேட்டரிக்கு அருகில் 80 ஆம்பியர் ஃபியூஸ் வைத்தேன். அம்மீட்டரை முற்றிலும் கழற்றி, அதற்கு வந்த ஒயர்களை ஒன்றாக இணைத்து ஸ்லீவ் போட்டு, அந்த இடத்தில் வோல்ட்மீட்டர் பொருத்தினேன். ஆல்டர்னேட்டரில் உள்ள இரண்டு பின் கொண்ட சாக்கெட்டில் "எஸ்" என்பது பேட்டரியின் வோல்ட்டேஜை ரெகுலேட்டருக்கு உணர்த்தும் ஒயர். அதைச் சிறிய ஃபியூஸ் வழியாகப் பேட்டரி பாசிட்டிவ் முனைக்கே கொண்டுபோனேன். "எல்" என்பது சார்ஜ் விளக்குக்கானது. டைனமோவிலிருந்து டேஷ்போர்டு பல்புக்குப் போன மஞ்சள் கோடிட்ட பழுப்பு ஒயர் நல்ல நிலையில் இருந்ததால், அதையே இதற்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

அந்தப் பல்பு வெறும் அடையாள விளக்கு என்று நினைத்துத்தான் ஏமாந்தேன். டேஷ்போர்டு விளக்குகள் அனைத்தையும் எல்.இ.டி.க்கு மாற்றியிருந்ததால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் சார்ஜ் ஏறாது. ஆக்சிலரேட்டரை ஒருமுறை நன்றாக மிதித்த பிறகே வோல்ட்மீட்டர் முள் எழும்பும். இந்த வகை ஆல்டர்னேட்டரில் உள்ளே சுழன்று காந்தப் புலம் உண்டாக்கும் ரோட்டர் காயிலுக்கு முதல் மின்சாரம் அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது. 3 வாட் இழைப் பல்பு கால் ஆம்பியர் கொடுக்கும்; எல்.இ.டி. அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கொடுக்காது. பழைய பல்பை மாட்டியதும் குறை தீர்ந்தது.

எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் சேஸிஸுக்கும் நடுவே தனி எர்த் பட்டை இருக்க வேண்டும். எஞ்சினை ஏற்றியபோது அதை மாட்ட மறந்திருந்தார்கள். செல்ஃப் அடித்ததும் ஆக்சிலரேட்டர் கேபிளின் உறை சூடானதைக் கை வைத்துப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன். செல்ஃப் மோட்டார் இழுத்த மின்சாரம் அந்த மெல்லிய கம்பி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பெயின்ட்டைச் சுரண்டி, பளிச்சென்ற இரும்பின் மேல் பின்னல் பட்டையை முடுக்கிய பிறகு செல்ஃப் அடிக்கும் ஒலியே மாறிவிட்டது.

இப்போது ஐடிலிங்கில் எல்லா விளக்குகளையும் போட்டாலும் பேட்டரியில் 13.7 வோல்ட் நிற்கிறது, ஓட்டத்தில் 14.2. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளையும் இரவில், இரண்டாவது கியரில், ஃபேன் விடாமல் சுற்ற ஏறியிருக்கிறேன். வெளிச்சம் ஒருமுறையும் தாழவில்லை.

இரண்டாம் ஆண்டில் ஒரு பழுது வந்தது. வெளியூர்ப் பட்டறை ஒன்றில், சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டார்கள். டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் வோல்ட்டேஜ் திடீரென எகிறி டயோடுகளைத் தாக்கும். அன்று மாலை முதல் ரேடியோவில் எஞ்சின் வேகத்துக்கு ஏற்பக் கூவும் ஓர் ஒலி கேட்டது. இரண்டு நாள் நிறுத்தியிருந்தால் பேட்டரி இறங்கிவிட்டது. மல்டிமீட்டரை ஏ.சி. (மாறுமின்) வோல்ட் அளவில் வைத்துப் பேட்டரியில் அளந்தபோது ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அரை வோல்ட்டைத் தாண்டினாலே டயோடைச் சந்தேகிக்கலாம். டயோடு பிளேட்டை மாற்ற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து யார் பானெட்டைத் திறந்தாலும் பக்கத்திலேயே நிற்கிறேன்.

26,000 கி.மீ.யில் கார்பன் பிரஷ்ஷும் பின்பக்க பேரிங்கும் மாற்றினேன். கழற்றிய பிரஷ்களில் ஒன்று 5 மி.மீ.கூட மிஞ்சாமல் தேய்ந்திருந்தது. "பி" போல்ட்டில் நான் கிரிம்ப் செய்த லக் (கேபிள் முனையில் அழுத்திப் பொருத்தும் உலோக வளையம்) மட்டும் நிறம் மாறாமல், போட்ட அன்று இருந்தபடியே இருந்தது.