மூடுல் எக்ஸ்டர்னல் டூல்: ஒரு செமஸ்டர் ஓட்டிப் பார்த்தாச்சு

நாலு வருஷமா சி புரோகிராமிங் லேப் எடுக்குறேன். அசைன்மென்ட்னா பசங்க வெளியில ஒரு கோடிங் சைட்ல போட்டு முடிச்சு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வேர்ட் ஃபைல்ல ஒட்டி மூடுல்ல, அதான் காலேஜ்ல பாடம், அசைன்மென்ட், மார்க்கெல்லாம் வச்சுக்குற சாஃப்ட்வேர்ல, ஏத்துவாங்க, நான் ராத்திரி உக்காந்து 62 ஃபைலையும் ஒண்ணொண்ணா திறந்து மார்க்க எக்செல்ல தட்டுவேன். அதுல நாலு பேர் ஒரே ஸ்கிரீன்ஷாட்டதான் அனுப்பிருப்பாங்க, மேல இருக்குற பேர மட்டும் வெட்டிட்டு. போதும்டா சாமின்னு இந்தத் தடவ வெளி கோடிங் சைட்ட மூடுல்லோட இணைக்குறதுக்குன்னு மூடுல்லயே இருக்குற எக்ஸ்டர்னல் டூல் ஆக்டிவிட்டிய கையில எடுத்தேன்.

தெரியாதவங்களுக்கு: இதுக்குப் பின்னாடி ஓடுறது எல்டிஐ (லேர்னிங் டூல்ஸ் இன்டராபரபிலிட்டி), மூடுல் மாதிரி சாஃப்ட்வேரும் வெளி டூலும் பேசிக்கிறதுக்கான ஸ்டாண்டர்ட், 2010ல வந்தது, அப்ப ஐஎம்எஸ் குளோபல்னு இருந்த அமைப்பு இப்ப ஒன்எட்டெக்னு பேர மாத்திக்கிச்சு. கல்யாண வீட்ல "இவங்க நம்ம பக்கத்து ஆளுங்கதான்"னு ஒருத்தர் கை காட்டினா கேள்வி கேக்காம பந்தியில உக்கார வைப்பாங்கல்ல, அதேதான். மூடுல் கை காட்டும், பையன் தனியா லாகின் போடாமலே டூலுக்குள்ள போயிடுவான், போட்டு முடிச்சதும் மார்க் நேரா கிரேட்புக்ல, அதான் மூடுல்லோட மார்க் ரெஜிஸ்டர்ல, வந்து விழணும். அந்தக் கடைசி விஷயம் நடந்தாதான் இதெல்லாம். அது நடக்கலன்னா சும்மா ஒரு லிங்க் போட்டுட்டுப் போயிடலாம், இவ்ளோ மெனக்கெட வேண்டியதே இல்ல.

முதல்ல எடுத்த டூல் எல்டிஐயோட பழைய 1.1 வெர்ஷன் மட்டும்தான் சப்போர்ட் பண்ணுச்சு, பேர் வேணாம் விடுங்க. அதுக்கு ஒரு யூஆர்எல், ஒரு கன்சூமர் கீ (யூசர்நேம் மாதிரி), ஒரு ஷேர்டு சீக்ரெட் (ரெண்டு பக்கத்துக்கும் பொதுவான பாஸ்வேர்ட் மாதிரி), மூணும் காப்பி பேஸ்ட் பண்ணா முடிஞ்சது. ஆனா உள்ள போனா "இன்வாலிட் ரிக்வெஸ்ட்"னு ஒரே வரி. கீய மாத்தி, சீக்ரெட்ட மாத்தி, ஸ்பேஸ் ஏதும் ஒட்டிட்டு வந்துச்சான்னு பார்த்து ரெண்டு நாள் போச்சு, அவங்க சப்போர்ட்டுக்கு மெயில் போட்டா "உங்க அட்மினைக் கேளுங்க"ன்னு பதில். கடைசில பார்த்தா எங்க காலேஜ் சர்வர் கடிகாரம் எட்டு நிமிஷம் பின்னாடி ஓடுது! 1.1ல அனுப்புற ஒவ்வொரு கையெழுத்தோடயும் நேரமும் சேர்ந்து போகும், ரொம்பத் தள்ளி இருந்தா பழைய சீட்டுன்னு அந்தப் பக்கம் தூக்கிப் போட்டுடும். இத அந்த எரர் மெசேஜ்லயே ஒரு வார்த்த சொல்லித் தொலைச்சிருக்கலாம்.

அடுத்த டூல் 1.3. இது 2019ல வந்தது, சீக்ரெட்டெல்லாம் கிடையாது, ரெண்டு பக்கமும் பப்ளிக் கீ வச்சு சரி பார்த்துக்கும். டைனமிக் ரெஜிஸ்ட்ரேஷன் இருந்ததால எங்க அட்மின் மேனேஜ் டூல்ஸ் பக்கத்துல ஒரு யூஆர்எல்ல ஒட்டி ஆக்டிவேட் அழுத்தினாரு, டீ ஆறுறதுக்குள்ள வேல முடிஞ்சிடுச்சு. அது இல்லாத டூல்னா கிளையன்ட் ஐடி, டெப்ளாய்மென்ட் ஐடி, கீசெட் யூஆர்எல்னு அங்கயும் இங்கயும் மாத்தி மாத்தி நிரப்பணும், பொறுமை வேணும். டீப் லிங்கிங் இருந்தா டூல்ல இருக்குற எந்த புரோகிராமிங் கேள்வி வேணுமோ அத மூடுல்லேருந்தே பார்த்து எடுத்துக்கலாம், எனக்கு ரொம்பப் பிடிச்சது இதான்.

இப்ப மார்க் கதைக்கு வரேன். அட்மின் செட்டிங்ல "டூல்லேருந்து கிரேட் வாங்கலாமா"ன்னு ஒரு இடம் இருக்கு, அது நெவர்ல இருந்தா நீங்க தலைகீழா நின்னாலும் மார்க் வராது. அடுத்தது மேக்ஸிமம் கிரேட். டூல் அனுப்புறது ஒரு விகிதம் மாதிரிதான், மூடுல் அத நம்ம மேக்ஸிமத்தோட பெருக்கிப் போடும். 0.85 வந்தா 20க்கு 17. நான் 100ன்னு இருந்தத மாத்தாம விட்டேன், 85ன்னு விழுந்துச்சு, இன்டர்னல்ல நான் 85 வாங்கிட்டேன் சார்னு ஒருத்தன் கிளாஸ் குரூப்ல ஸ்டேட்டஸே வச்சிட்டான்.

பசங்க பண்ற ஒரே தப்பு, டூல் சைட்ட புக்மார்க் பண்ணி நேரா அங்கயே போயிடுறது. மூடுல் லிங்க் வழியா ஒரு தடவையாவது உள்ள போனாதான் இவன் யாரு, மார்க்க எங்க திருப்பி அனுப்பணும்னு டூலுக்குத் தெரியும், நேரா போனா அனாதை மார்க்தான். மூடுல் மாதிரியே இன்னொரு சாஃப்ட்வேரான கேன்வாஸ்லயும் இதே மாதிரி ஒரு குழி இருக்கு, டூல மாட்யூல்ல வெறும் ஐட்டமா சேர்த்தா மார்க் வராது, அசைன்மென்ட் போட்டு சப்மிஷன் டைப்ல எக்ஸ்டர்னல் டூல்னு குடுக்கணும்.

குறைன்னு பார்த்தா மூடுல்ல இந்த ஆக்டிவிட்டிக்குன்னு டியூ டேட் கட்டம் கிடையாது. கடைசித் தேதி டூல்லதான் போடணும், பசங்க காலண்டர்ல தெரியணும்னா தனியா ரிமைண்டர் வைக்கணும், ரெண்டும் ஒத்துப்போகுதான்னு நாமதான் பார்த்துக்கணும். ஐபோன் வச்சிருக்குற பசங்களுக்கு பக்கத்துக்குள்ளயே எம்பெட் பண்ணா பல டூல் வெள்ளையா நிக்கும், ஐபோன் பிரவுசரான சஃபாரி 2020லேருந்து வெளி சைட் குக்கீய (லாகின ஞாபகம் வச்சுக்குற துண்டு ஃபைல்) மொத்தமா அடைச்சிடுச்சு, அதனால நியூ விண்டோன்னு வச்சிடுங்க. அப்புறம் பேரு, ஈமெயில் ரெண்டையும் டூலுக்கு அனுப்பலாமான்னு தனித்தனியா கேக்கும், ஈமெயில் இல்லாமலே வேல நடந்தா நடக்கட்டும், குடுக்காதீங்க.

என் ரேட்டிங் 5க்கு 3.5, டூல் 1.3ன்னா 4. பழைய 1.1 மட்டும்தான் இருக்குன்னு எவனாவது விக்க வந்தா வாசலோட அனுப்பிடுங்க.

ஆங், டெஸ்ட் பண்றப்ப டீச்சர் அக்கவுன்ட்ல பண்ணாதீங்க, மார்க்கே வராது, டூல் உடைஞ்சிருச்சுன்னு நெனச்சுப் பயப்படுவீங்க. ஒரு டம்மி ஸ்டூடண்ட் வேணும். நான் டெஸ்ட் முருகன்னு ஒருத்தன கோர்ஸ்ல சேர்த்தேன், எடுக்க மறந்துட்டேன். போன வாரம் எச்ஓடி லிஸ்ட்டோட வந்து நிக்கிறாரு, "யாருங்க இந்த முருகன், ஒரு நாள் கூட கிளாஸுக்கு வரல, எல்லாத்துலயும் 20க்கு 20 வாங்கிருக்கான்?"