ஹைலக்ஸ் பக்கிக்குப் பின் ட்ரம் பிரேக்: எந்த செட்டை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

வெருலத்தில் விடியுமுன் காய்கறி ஏற்றிக் கிளேர்வுட் மார்க்கெட்டில் இறக்கும் பக்கி, அதாவது பின்னால் திறந்த தட்டுள்ள சிறு பாரவண்டி, திரும்பும்போது வெறும் வண்டியாக வருகிறது. பின் பிரேக்குக்கு இதைவிடக் கடினமான வேலை இல்லை. பாரம் இருக்கையில் முன் பிரேக்குக்குச் சரிசமமாகத் தோள் கொடுக்க வேண்டும். பாரம் இறங்கியதும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அடங்கியிருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் கடைகளில் கிடைக்கும் சாமான்களை இந்தக் கண்ணோடுதான் எடைபோட்டிருக்கிறோம். வண்டி, 2005 முதல் 2015 வரை வந்த டொயோட்டா ஹைலக்ஸ்.

முதலில் அளவு. இந்தத் தலைமுறையிலேயே 254 மி.மீ., 295 மி.மீ. என்று இரண்டு ட்ரம் உண்டு. வருடத்தை மட்டும் சொல்லி வாங்கினால் தவறான பெட்டி வரும். பழைய ட்ரம்மைக் கழற்றி உள்விட்டத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். எந்த அளவுவரை தேயலாம் என்பது ட்ரம்மிலேயே வார்த்திருக்கும். 295 ட்ரம்மில் அது 297. அதைத் தாண்டியதைக் கடைசல் போட்டுப் பயனில்லை.

அடுத்தது ஷூ, அதாவது லைனிங் என்ற உராய்வுப் பட்டை ஒட்டிய, ட்ரம்மின் உட்புறத்தை அழுத்திப் பிடிக்கும் வளைந்த இரும்பு. ஷூக்களில் டொயோட்டா பெட்டியில் வருவது விலை அதிகம், ஆனால் துளையும் வளைவும் அப்படியே பொருந்தும். ஃபெரோடோ போன்ற பெயருள்ள செட் பாரவண்டிக்குப் போதும். எங்கள் தேர்வும் அதுதான். பெயரில்லாத மலிவு செட்டில் பெரிய குறை லைனிங்கில் இல்லை, இரும்பில் இருக்கிறது. ஹேண்ட்பிரேக் நெம்புகோல் பின்னுக்கான துளை அரை மில்லி தள்ளியிருந்தாலும் ஷூ சாய்ந்து உட்காரும், லைனிங்கின் ஒரு ஓரம் மட்டும் தேயும். இந்நாட்டில் பிரேக் லைனிங் கட்டாயத் தரக்கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. அதைக் கவனிக்கும் அரசு அமைப்பான என்.ஆர்.சி.எஸ்.ஸின் அனுமதி உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம்.

பழைய ஷூவுக்கே புது லைனிங் ஒட்டித் தரும் பட்டறைகளை ஒதுக்கிவிடாதீர்கள். ட்ரம்மைக் கடைசல் போட்டுப் பெரிதாக்கிய பிறகு, பெட்டியிலிருந்து எடுத்த ஷூவின் நடுப்பகுதி மட்டும்தான் ட்ரம்மைத் தொடும். பெடல் தாழும், பிடிப்பு குறையும். கொஞ்சம் தடித்த லைனிங் ஒட்டி, ட்ரம்முக்கேற்ப வளைவைத் தேய்த்துத் தரும் பட்டறை இருந்தால் அங்கே அந்த வேலை புது ஷூவைவிட நன்றாக அமையும். ட்ரம்முக்குள் சாக்பீஸ் பூசி ஷூவை வைத்து உருட்டிப் பாருங்கள். லைனிங்கில் வெள்ளை எவ்வளவு அகலத்துக்கு ஒட்டுகிறதோ அவ்வளவுதான் உண்மையான தொடுகை.

ஷூவுடன் ஸ்பிரிங் செட், தேய்மானத்துக்கேற்ப ஷூவை ட்ரம்முக்கு நெருக்கும் அட்ஜஸ்டர், ஆயில் அழுத்தத்தால் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் இரண்டு எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குங்கள். ஸ்பிரிங் செட் இவற்றில் மிக மலிவானது, ஆனால் அதிகம் தவிர்க்கப்படுவதும் அதுதான். சூட்டில் தளர்ந்த ஸ்பிரிங் ஷூவை முழுதாக இழுக்காது. ஷூ உராய்ந்துகொண்டே ஓடி ட்ரம் நீலம் பாரிக்கும். கடலோரத்தில் துரு வேறு. கடற்கரையில் படகு இறக்கும் வண்டியானால் உப்புத்தண்ணீரும் மணலும் ட்ரம்முக்குள்ளேயே தங்கிவிடும்.

இனி வேலை. வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு அடைகொடுத்து, ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். ட்ரம் வராவிட்டால் சுத்தியலால் அடிக்க வேண்டாம். அதன் முகத்தில் இரண்டு எம்8 மரைத்துளை இருக்கும். அவற்றில் போல்ட்டை மாற்றி மாற்றி அரைச் சுற்றாக இறுக்கினால் கழன்றுவரும். அப்போதும் மறுத்தால் தேய்ந்த ட்ரம்மின் விளிம்பில் ஷூ மாட்டியிருக்கிறது. பின்பக்க ரப்பர் மூடியைக் கழற்றி அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது, பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். தென்னாப்பிரிக்காவில் கல்நார் 2008இலேயே தடைசெய்யப்பட்டது, ஆனால் எந்த லைனிங் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது.

ஒரு பக்கத்தை முழுதாக முடித்த பிறகே மறுபக்கத்தைப் பிரியுங்கள். எந்த ஸ்பிரிங் எங்கே என்பதற்கு மறுபக்கமே வரைபடம். இடது அட்ஜஸ்டரின் மரையும் வலதின் மரையும் எதிரெதிர். மாறிப் போட்டால் அது தானாக நீள்வதற்குப் பதில் சுருங்கும், சில வாரத்தில் பெடல் தரையைத் தொடும். ஹேண்ட்பிரேக் நெம்புகோலைப் பழைய ஷூவிலிருந்து மாற்றும்போது அதைப் பிடிக்கும் சி வடிவ வாஷரையும் புதிதாகப் போட்டு நெருக்கிவிடுங்கள். பேக்கிங் பிளேட்டில் ஒவ்வொரு ஷூவும் உராயும் மேடுகள் மூன்று. அதில் பள்ளம் விழுந்திருந்தால் ஷூ அங்கே சிக்கும்; சமன்படுத்தி, சூடு தாங்கும் பிரேக் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள், லைனிங்கில் படாமல்.

ஷூ நனைந்திருந்தால் எது நனைத்தது என்று பாருங்கள். வீல் சிலிண்டர் ரப்பரின் கீழே ஈரமிருந்தால் பிரேக் ஆயில். கந்தக வாடையோடு கறுத்திருந்தால் டிஃப் (டிஃபரன்ஷியல்) ஆயில், அதாவது ஆக்சில் சீல் போய்விட்டது. சீலை மாற்றுமுன் டிஃப்பின் மூச்சுக்குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அடைப்பிருந்தால் உள்ளே அழுத்தம் ஏறிப் புதுச் சீலையும் தள்ளிவிடும்.

பைப் நட்டுக்கு 10 மி.மீ. ஃப்ளேர் ஸ்பானர்தான், சாதாரண ஸ்பானர் மூலையை மழுக்கும். பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றப் பின் சக்கரங்களுக்கு அரை லிட்டர் பிரேக் ஆயில் தாராளம். புது டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் உறிஞ்சியதற்கு 140. ஃபீல்ட்ஸ் ஹில் போன்ற நீண்ட இறக்கத்தில் பாரத்தோடு இறங்குபவர்கள் பழைய ஆயிலைக் கட்டாயம் மாற்றுங்கள். டாட் 4 போட்டாலும் பொருந்தும், அதில் இந்த அளவுகள் 230, 155. முதலில் ஷூவை லேசாக உரசும் சத்தம் வரும்வரை அட்ஜஸ்ட் செய்து, அதன் பிறகே ஹேண்ட்பிரேக் கேபிளைத் தொடுங்கள். கேபிளை முதலில் இறுக்கினால் ஷூ முழுதாக மூடாது, தானாக அட்ஜஸ்ட் ஆவதும் நின்றுவிடும்.

ட்ரம்முக்குப் பதில் டிஸ்க் பிரேக் போடும் மாற்று செட்டைப் பலர் கேட்கிறார்கள். பாரம் ஏற்றும் பக்கிக்கு நாங்கள் சொல்ல மாட்டோம். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்கு அதிக ஆயில் தேவைப்படுவதால் பெடல் ஆழமாகப் போகும், ஏற்றத்தில் பாரத்தோடு நிற்கும்போது ஹேண்ட்பிரேக்கும் ட்ரம்மைப்போலப் பிடிக்காது. பெரிய விட்ட வீல் சிலிண்டரும் இதே வகைதான்: காலி வண்டியில், மழையில், பின் சக்கரம் முதலில் பூட்டும்.

உண்மையான மேம்பாடு பின் ஆக்சிலுக்கு மேலே இருக்கிறது. பாரம் அறியும் வால்வு பொருத்திய ஹைலக்ஸில் ஒரு கம்பி ஆக்சிலையும் வால்வையும் இணைக்கும். சட்டகம் தாழ்ந்தால் பாரம் என்று புரிந்துகொண்டு வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டோ, வண்டியைத் தூக்கியோ இருந்தால் ஒரு டன் ஏற்றினாலும் சட்டகம் போதிய அளவு தாழாது. வண்டி காலி என்றே வால்வு நினைக்கும், முன் பிரேக் வெந்துபோகும், புது ஷூ சும்மா கிடக்கும். கம்பியின் தாங்கியைத் தூக்கிய உயரத்துக்கு ஈடாகத் தள்ளிவைத்து, பிரேக் பிடிப்பை அளக்கும் ரோலர் இயந்திரத்தில் பாரத்தோடும் பாரமில்லாமலும் சோதித்து வாங்குங்கள்.

முடிந்ததும் 50 கி.மீ. வேகத்திலிருந்து மிதமாக இருபது முறை பிடியுங்கள், ஒவ்வொன்றுக்கும் இடையே அரை நிமிடம் ஆறவிட்டு. 500 கி.மீ. கழித்து ட்ரம்மைக் கழற்றி லைனிங் முழு அகலத்துக்கும் பளபளக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஓரம் மட்டும் பளபளத்தால் ஷூ சாய்ந்திருக்கிறது, அன்றே சரிசெய்யுங்கள்.